திருச்சி மொட்டை மாடியிலிருந்து ரோசெட் நெபுலா கிடைக்குமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஊருக்கு உள்ளேயே வீடு, மேலே மொட்டை மாடி. கையில் இருப்பது சாதாரண கேனன் டிஎஸ்எல்ஆர், 200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், வானத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு ஸ்டார் டிராக்கர். ரோசெட் நெபுலாவை, அதாவது விண்வெளியில் ஒளிரும் அந்த வாயு மேகத்தை நோக்கி 2 நிமிட எக்ஸ்போஷர் கொடுத்தால் படம் முழுக்க வெளிறிய பழுப்பாக வருகிறது, நெபுலாவின் சுவடே தெரியவில்லை. ஊருக்குள்ளிருந்து இதெல்லாம் நடக்காதா, பெரிய டெலஸ்கோப் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும். பெரிய டெலஸ்கோப் தேவையில்லை. நான் கோவைப் புறநகரில் மாடியிலிருந்துதான் எடுக்கிறேன், உங்கள் வானத்துக்கும் என் வானத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உங்களுடைய அந்த 2 நிமிடப் படத்துக்குள்ளேயே ரோசெட் இருக்கிறது. ஊர் வெளிச்சத்தின் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அதை மேலே கொண்டுவர ஒரு ஃபில்டர் வேண்டும், அதைவிட முக்கியமாக நேரம் வேண்டும். ஒரே பொருளின் மேல் ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் என்றில்லை, பல இரவுகள்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக நான் போட்டவை. ஒரு படத்தில், ஒரு பிக்சலில், ஊர் வெளிச்சத்திலிருந்து 1000 எலெக்ட்ரான் (சென்சார் ஒளியை எலெக்ட்ரானாக மாற்றித்தான் எண்ணுகிறது) சேர்கிறது, நெபுலாவிலிருந்து 10 சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 என்பது ஒவ்வொரு பிக்சலிலும் சரியாக 1000 ஆக வருவதில்லை. ஒளி தாறுமாறான இடைவெளிகளில்தான் வந்து விழும், அதனால் அந்த எண் அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு ஏறி இறங்கும். இந்த அலைச்சலைத்தான் இரைச்சல் என்கிறேன். 1000-க்கு அது ஏறக்குறைய 32. ஆக, 32 அளவு அலைகிற ஒரு பரப்பின் மேல் 10 அளவுள்ள நெபுலாவைத் தேடுகிறீர்கள். கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இப்போது அதே போல 100 படங்களை எடுத்துக் கூட்டுங்கள். நெபுலா 1000 ஆகிறது. வானம் 1,00,000 ஆகிறது, ஆனால் அதன் அலைச்சல் 316 மட்டுமே. நெபுலா இரைச்சலைவிட மூன்று மடங்கு மேலே எழுந்துவிட்டது. 400 படங்கள் என்றால் ஆறு மடங்கு. நேரத்தை நான்கு மடங்காக்கினால் தரம் இரண்டு மடங்காகும் என்பது இதிலிருந்து வருகிற விதிதான். கொஞ்சம் கஞ்சத்தனமான விதி. ஆனால் ஒருபோதும் ஏமாற்றாது. நேற்று எடுத்த 4 மணி நேரமும் அடுத்த மாதம் எடுக்கப்போகும் 4 மணி நேரமும் ஒன்றாகச் சேரும், எதுவும் வீணாகாது.

ஃபில்டர் இந்தக் கணக்கை எங்கே மாற்றுகிறது? ரோசெட் ஒளிர்வது தன் நடுவில் இருக்கும் என்ஜிசி 2244 கொத்தின் சூடான இளம் விண்மீன்களால்தான். அவற்றின் புறஊதாக் கதிர் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்குகிறது, அது திரும்ப எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும்போது 656.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. இதுதான் ஹைட்ரஜன் ஆல்ஃபா. ஆக்ஸிஜன் 500.7-லும் அதன் பக்கத்தில் 495.9-லும் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. நெபுலாவின் ஒளியில் பெரும்பகுதி இப்படி ஊசி முனை போன்ற சில இடங்களில் குவிந்திருக்கிறது. தெருவிளக்கின் வெளிச்சமோ, இப்போதைய வெள்ளை எல்இடி என்றால், நிறமாலை முழுவதும் பரவிக் கிடக்கிறது. அதனால் அந்த இரண்டு இடங்களில் மட்டும் 7 நானோமீட்டர் அகலத்துக்கு ஜன்னல் திறந்து மற்றதையெல்லாம் அடைத்துவிடும் ஒரு ட்யூயல் நேரோபேண்ட் ஃபில்டரைப் போட்டால் நெபுலாவின் ஒளி ஏறக்குறைய முழுதாக உள்ளே வரும், ஊர் வெளிச்சம் சுமார் நாற்பதில் ஒரு பங்காகிவிடும். மேலே சொன்ன கணக்கில் வானம் 1000-லிருந்து 25 ஆகிறது, நெபுலா 9 ஆக நிற்கிறது. ஒரே படத்திலேயே நெபுலா இரைச்சலைத் தாண்டிவிட்டது. நூறு படங்கள் சேர்ந்தால் பதினைந்து மடங்கு.

அந்த நாற்பது என்ற எண்ணை நான் விரும்பிச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. வானத்தின் பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் இருட்டு கூடுகிறது என்று பொருள். நல்ல இருட்டான வானம் ஒரு சதுர ஆர்க்விநாடிக்கு (ஆர்க்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு) 22 மேக்னிட்யூட் அளவில் இருக்கும், நகரத்து வானம் 18 அளவில் இருக்கும். இந்த நான்கு மேக்னிட்யூட் வித்தியாசமும் சுமார் நாற்பது மடங்குதான். அதாவது ஃபில்டர் இல்லாமல் எடுத்தால், ஒரு மலைக்கிராமத்தில் 1 மணி நேரத்தில் கிடைப்பதை நீங்கள் திருச்சியில் 40 மணி நேரத்தில் எட்டலாம். ஃபில்டர் அந்த நாற்பதைக் கிட்டத்தட்ட உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

எல்லா நெபுலாவுக்கும் இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கார்த்திகைக் கொத்தைச் சுற்றியுள்ள நீலப் படலம் தானாக ஒளிர்வதில்லை, விண்மீன்களின் ஒளியைத் தூசி பிரதிபலிக்கிறது. அந்த ஒளியும் தெருவிளக்கைப் போலவே நிறமாலை முழுக்கப் பரவியிருக்கும். அதை எந்த ஃபில்டராலும் பிரித்தெடுக்க முடியாது. அந்த மாதிரிப் பொருள்களையும், பின்னால் உள்ள ஒளியை மறைத்துக் கருப்பாகத் தெரியும் கருநெபுலாக்களையும் ஊருக்குள் இருந்து முயன்று மனம் நோக வேண்டாம். இருட்டான இடத்துக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய டெலஸ்கோப் விஷயம். நெபுலா போலப் பரந்து கிடக்கும் பொருளுக்கு, ஒரு பிக்சலில் விழும் ஒளியைத் தீர்மானிப்பது எஃப் எண்தான் (குவியத் தூரத்தை லென்ஸ் திறப்பின் அகலத்தால் வகுத்தால் வருவது, எண் சிறிதானால் ஒளி அதிகம்). எஃப்/10 உள்ள பெரிய டெலஸ்கோப் ரோசெட்டைப் பெரிதாகக் காட்டும், கூடவே மங்கலாகவும் காட்டும். ரோசெட்டின் குறுக்களவு 1.3 பாகை, நிலாவின் வட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய டெலஸ்கோப்பில் அது சட்டகத்துக்குள் அடங்கவே அடங்காது. உங்கள் 200 மி.மீ. லென்ஸில் சட்டகம் ஏறக்குறைய 6.4 பாகைக்கு 4.3 பாகை வரும், நெபுலா சுற்றிலும் இடம்விட்டு அழகாக உட்காரும். உங்களிடம் இருப்பது நல்ல லென்ஸ், அதை மாற்றாதீர்கள்.

ஒன்று மட்டும். எஃப்/2.8-ல் லென்ஸின் ஓரங்களிலிருந்து வரும் கதிர்கள் மிகச் சாய்வாக வரும். இந்த மாதிரி நேரோபேண்ட் ஃபில்டருக்குள் ஒளி சாய்வாக நுழைந்தால் அதன் ஜன்னல் குறைந்த அலைநீளப் பக்கம் நகர்ந்துவிடும், நெபுலாவின் கோடு பாதி வெளியே நின்றுவிடும். கேமராவுக்குள் சென்சார் முன்னால் பொருத்தும் கிளிப் ஃபில்டரைத்தான் வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் லென்ஸை எஃப்/4-க்குக் குறைத்து வையுங்கள். மூலையில் இருக்கும் விண்மீன்களும் உருண்டையாக வரும். 3 நானோமீட்டர் ஃபில்டர் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். வேகமான லென்ஸோடு அது ஒத்துப்போகாது, 7 போதும்.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் வாங்கியபடியே இருக்கும் டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி, ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் உள்ளே விடும். அதிலும் நான்கு பிக்சலில் ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது. அந்தக் கண்ணாடியை மாற்றிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பழைய கேமராவாக இருந்தால் மாற்றிவிடுங்கள். நீங்கள் செலவழிக்கும் பணத்தில் இதைப் போலப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை. மாற்ற மனமில்லையென்றால் அதிக இரவுகள் எடுக்க வேண்டியிருக்கும். ரோசெட் அதற்கும் வந்துசேரும்.

அடுத்தது துருவ சீரமைப்பு, அதாவது டிராக்கரின் அச்சை வானம் சுழலும் துருவத்தை நோக்கித் திருப்பி வைப்பது. நம் ஊர்க்காரர்கள் பலர் இங்கேதான் மனம் தளர்ந்துபோகிறார்கள். திருச்சி வடக்கே 10.8 பாகையில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். அங்கே வேப்பமரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ இல்லாத மாடி அபூர்வம். இருந்தாலும் அந்த உயரத்தில் தூசியும் வெளிச்சமும் அதை மறைத்துவிடும். வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை, துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் ஜம்மென்று நிற்கும் ஊர்கள். அதைப் பார்த்து நமக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அதற்கு வழி இருக்கிறது. வானத்தில் தெரிகிற ஏதாவது ஒரு பகுதியை மூன்று முறை, டிராக்கரைச் சற்றுச் சற்றுத் திருப்பிப் படமெடுத்தால், மென்பொருள் விண்மீன்களின் அமைப்பை அடையாளம் கண்டு அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். துருவ நட்சத்திரம் கண்ணில் படவே தேவையில்லை. நினா என்ற இலவச மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது, மடிக்கணினி ஒன்று மாடிக்கு வர வேண்டும். எவ்வளவு துல்லியம் வேண்டும்? அச்சு 10 ஆர்க்நிமிடம் (ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு) விலகியிருந்தால்கூட 2 நிமிட எக்ஸ்போஷரில் விண்மீன் அதிகபட்சம் 5 ஆர்க்விநாடி நகரும். உங்கள் லென்ஸுக்கு அது ஒரு பிக்சலுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதனால் மணிக்கணக்கில் திருகாணியைத் திருகிக்கொண்டு நல்ல வானத்தை வீணாக்காதீர்கள்.

மாடி. கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு 9 மணி வரை வெளியே விடும், படம் நடுங்கும். முன்மாலையிலேயே ஒரு முறை தண்ணீர் தெளித்துவிடுவது உதவும். ட்ரைபாடின் கால்களுக்குக் கீழே பழைய சைக்கிள் டயரை வெட்டி வையுங்கள், எக்ஸ்போஷர் ஓடும்போது யாரும் மாடியில் நடக்க வேண்டாம். தெருவிளக்கு நேராக லென்ஸில் அடித்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து அந்த இருட்டுக்குள் கேமராவை வைப்பதுதான் நான் செய்வது. தை, மாசியில் பனி இறங்கும். லென்ஸைச் சுற்றி யுஎஸ்பி-யில் ஓடும் ஒரு சூட்டுப் பட்டை இல்லையென்றால் இரண்டு மணி நேரத்தில் கண்ணாடி பூத்துவிடும், பிறகு வந்த படங்களெல்லாம் குப்பைக்குத்தான்.

காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். போகிப் புகையும் அடங்கிய பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை உங்களுக்கு நல்ல காலம். ரோசெட்டைக் கண்டுபிடிப்பது எளிது. திருவாதிரையின் சிவந்த விண்மீனிலிருந்து கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து, நீட்டிய கையின் ஒரு முஷ்டி தூரம். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி வாக்கில் அது கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். இதுவும் நம் ஊருக்குக் கிடைத்த வரம். லண்டனில் இருப்பவர் இதை 43 பாகை உயரத்தில், அடர்ந்த காற்றின் வழியே பார்க்கிறார், நமக்கோ தலைக்கு மேல் நிற்கிறது. இருட்டியதும் 7:30-க்குத் தொடங்கினால் இரவு 1 மணி வரை 5 மணி நேரம் எடுக்கலாம். நான்கு நல்ல இரவுகள் என்றால் 20 மணி நேரம். நிலா இருக்கிற இரவுகளையும் விட்டுவிட வேண்டாம், சிவப்பு ஹைட்ரஜனை அது அதிகம் பாதிக்காது. ஆக்ஸிஜன் பகுதிதான் நிலவொளியில் கெட்டுப்போகும், அதற்கு நிலா இல்லாத இரவுகளை ஒதுக்குங்கள்.

ஃபில்டர் போட்ட பிறகு ஒவ்வொரு படமும் 2 நிமிடம் அல்லது 3 நிமிடம் போதும். சில படங்களுக்கு ஒரு முறை சட்டகத்தைச் சில பிக்சல் தள்ளி வைக்கும் டிதரிங்கைக் கட்டாயம் செய்யுங்கள். அது இல்லாமல் நூறு படம் சேர்த்தால் சென்சாரின் குறைகளெல்லாம் மழைக் கோடுகள் போலச் சாய்வாக இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஃப்ளாட் படங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரே சீரான வெளிச்சத்தை எடுத்து, லென்ஸும் சென்சாரும் சேர்க்கும் கறைகளை மென்பொருள் நீக்குவதற்குக் கொடுக்கும் படங்கள் இவை. புதிதாக வருபவர்கள் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான், மங்கலான நெபுலாவுக்கு இதைவிட முக்கியமானது எதுவும் கிடையாது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஃபில்டர் இல்லாதபோது நெபுலா வானத்தின் வெளிச்சத்தில் ஒரு சதவீதம்தான். லென்ஸின் மூலைகள் நடுவைவிட இருண்டிருப்பது பத்து இருபது சதவீதம். சென்சார் மேல் ஒட்டிய ஒரு தூசியின் நிழல் இரண்டு மூன்று சதவீதம். நெபுலாவைக் காட்ட மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) இழுக்கும்போது இவையெல்லாம் நெபுலாவைவிடப் பெரிதாக மேலே வந்து நிற்கும். எத்தனை மணி நேரம் எடுத்தாலும் இது குறையாது, ஏனென்றால் இது தற்செயலான அலைச்சல் இல்லை, எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும் கறை. ஒரு வருடம் நான் நான்கு இரவுகள் எடுத்த படங்களை ஃப்ளாட் இல்லாததால் பயன்படுத்தவே முடியவில்லை. தூசி வளையம் ஒன்று நெபுலாவின் வெளி விளிம்பில் சரியாக உட்கார்ந்திருந்தது. எது வாயு, எது தூசி என்று பிரிக்க முடியாத படத்தை யாரிடமும் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

எடுப்பது சுலபம். படப்பிடிப்பு முடிந்ததும் ஃபோகஸையும் கேமராவையும் தொடாமல், வெளுத்த வேட்டித் துணியை இரண்டாக மடித்து லென்ஸ் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடியற்காலை வானத்தை நோக்கி முப்பது படங்கள். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் நடுவில் நின்றால் போதும். அப்படியே லென்ஸை மூடி, நெபுலாவுக்குக் கொடுத்த அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓ-வில் டார்க் படங்கள் (சென்சாரின் சொந்தக் குறைகளை மட்டும் பதிவு செய்யும் இருட்டுப் படங்கள்) இருபது முப்பது.

அப்புறம் ஸ்டாக்கிங், அதாவது எல்லாப் படங்களையும் ஒன்றாகச் சேர்ப்பது. சிரில் என்ற மென்பொருள் இலவசம், முழு வேலையும் அதிலேயே முடியும். செயற்கைக்கோள் கோடுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நூறு படத்தில் ஒன்றில் மட்டும் இருக்கும் கோட்டை அதுவே ஒதுக்கிவிடும். ஊர் வெளிச்சத்தின் சரிவை நீக்க கிராக்ஸ்பெர்ட், விண்மீன்களைத் தனியாகப் பிரித்து நெபுலாவை மட்டும் இழுக்க ஸ்டார்நெட், இரண்டும் இலவசம்தான். வானத்தைக் கன்னங்கறுப்பாக்கிவிடாதீர்கள். மங்கலான விளிம்புகள் வாழ்வது அந்தக் கருமைக்குச் சற்று மேலேதான், கருப்பை வெட்டினால் முதலில் போவது நீங்கள் பல இரவு உட்கார்ந்து சேர்த்த அந்தக் கடைசிப் படலம். புகைப்படத்தைக் கூர்மையாக்கும் பொதுவான ஏஐ கருவிகளையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். இல்லாத இழைகளை அவை வரைந்துவிடும். நமக்கு வந்த ஒளி ரோசெட்டிலிருந்து ஏறக்குறைய 5000 ஆண்டுகள் பயணித்து வந்தது, அதன் மேல் நாம் கோடு கிழிக்கக் கூடாது.

வீட்டிலிருந்து எடுப்பது இரண்டாம் தரம் என்ற எண்ணம் உங்கள் கேள்வியில் லேசாக இருந்தது. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர், தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து 3 அங்குல டெலஸ்கோப்பால் ஓரியனில் மெசியே 78 என்ற நெபுலாவின் பக்கத்தை எடுத்தார். அதுவரை யாரும் கவனிக்காத ஒரு சின்ன நெபுலா அதில் இருந்தது. ஒரு இளம் விண்மீன் திடீரென்று பிரகாசமாகித் தன்னைச் சுற்றிய தூசிக்கு ஒளியூட்டியிருந்தது. இன்று அதற்கு மெக்நீல் நெபுலா என்றே பெயர். 2011-ல் ஃபிரான்சின் நிக்கோலா ஊட்டேர் ஆக்ஸிஜன் ஃபில்டரில் நெடுநேரம் எடுத்தபோது, செஃபியஸ் மண்டலத்தில் ஒரு பாகைக்கும் மேல் நீண்ட கணவாய் மீன் வடிவ நெபுலா வெளிப்பட்டது.

எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது 2022-ல் நடந்தது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை 1888-லேயே ஐசக் ராபர்ட்ஸ் படமெடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அதை எடுக்காத ஆளே இல்லை. ஃபிரான்சின் யான் செய்ந்தி 106 மி.மீ. டெலஸ்கோப் ஒன்றில் ஆக்ஸிஜன் ஃபில்டரைப் போட்டு அதே கேலக்ஸியைத் திரும்பத் திரும்ப எடுத்தார், மொத்தம் 100 மணி நேரத்துக்கும் மேல். கேலக்ஸிக்குப் பக்கத்திலேயே ஒன்றரைப் பாகை நீளத்துக்கு ஒரு நீல வில் இருந்தது. மார்செல் டிரெக்ஸ்லரும் சேவியே ஸ்ட்ராட்னரும் சேர்ந்து அதை உறுதிப்படுத்தி 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். உலகின் பெரிய தொலைநோக்கிகளெல்லாம் பார்த்த வானம்தான். அந்த நிறத்தில் அவ்வளவு நேரம் யாரும் நின்று பார்த்திருக்கவில்லை.

உங்கள் மாடிக்குத் தெற்கே மறைப்பு இல்லையென்றால், ரோசெட் முடிந்ததும் கேமராவை அடுத்து எங்கே திருப்புவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் நடுவில் இரவு 9:30 மணிக்கு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் கரினா நெபுலா நிற்கும். ஓரியன் நெபுலாவைவிடப் பல மடங்கு பெரியது. வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. இதே லென்ஸ், இதே ஃபில்டர் போதும். ஒரு இரவில் 3 மணி நேரம்தான் கிடைக்கும், அதனால் ஆறு ஏழு இரவுகளாகப் பிரித்து எடுங்கள்.